ராஸ்பெரி பை 4: 1080பி வீடியோ முதல் ஃபிரேமிலேயே உறைகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் நூலகத்தில் சிறுவர்களுக்குக் கதை வீடியோ ஓட்ட, 2 ஜிபி ராஸ்பெரி பை 4 (கையடக்கமான சின்னக் கணினி) ஒன்றை டிவியில் மாட்டியிருக்கிறேன். டெஸ்க்டாப் இல்லாத 64 பிட் லினக்ஸ். ஃபைல் எச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை), 1080பி (உயரம் 1080 வரி), நொடிக்கு 30 ஃபிரேம். பத்து நாளாகப் போராடுகிறேன்.

ஜிஸ்ட்ரீமர் என்ற வீடியோ மென்பொருளில் வி4எல்2 டீகோடர் (சுருக்கிய வீடியோவை ஹார்டுவேரில் விரிப்பது), வீடியோகன்வர்ட் (பட வடிவத்தை மாற்றுவது), கேஎம்எஸ்சிங்க் (டெஸ்க்டாப் இல்லாமல் நேரே திரையில் காட்டுவது) என்று கோத்தால் படம் வருகிறது, ஆனால் திக்கித் திக்கி. டீகோட் ஹார்டுவேரில்தான் நடக்கிறது. ஆனால் ஒரு ஃபிரேம் சுமார் 3 எம்பி. அதை நொடிக்கு 30 தடவை சிபியு காப்பி செய்தால் வேறென்ன ஆகும்?

சரி என்று கன்வர்ட்டை எடுத்துவிட்டு, டீகோடரின் கேப்சர் மோடை (படத்தை வெளியே தரும் முறையை) டிஎம்ஏபஃப் ஆக்கினேன், அதாவது காப்பி செய்யாமல் ஒரே நினைவகப் பஃபரைப் பகிரும் முறை. முதல் ஃபிரேம் வந்து அப்படியே நிற்கிறது. திரையின் அடியில் மெல்லிய பச்சைக் கோடு வேறு. டீகோடர் படத்தைப் பதினாறு பதினாறு வரியாகப் பிரிக்கிறது; 1080 பதினாறால் வகுபடாது, அதனால் 1088 வரி ஒதுக்குகிறது. அந்த மிச்ச 8 வரிதான் கோடாகத் தெரிகிறது என்பது என் ஊகம். 720பி ஃபைல் இதே வழியில் தடங்கலே இல்லாமல் ஓடுகிறது.

சிஎம்ஏ நினைவகத்தை (வீடியோ ஹார்டுவேருக்கென ஒதுக்கும் தொடர்ச்சியான நினைவகம்) 512 எம்பி ஆக்கினேன், கேபிள் மாற்றினேன், புது எஸ்டி கார்டில் ஓஎஸ் போட்டேன். அப்புறமும் அதேதான்.

1088 வரி பஃபரில் 1080-ஐ மட்டும், காப்பி இல்லாமல், கேஎம்எஸ்சிங்குக்குக் கொடுக்க என்ன செட்டிங் வைக்க வேண்டும்?