திருவிழா நேரலை பாதியில் நின்றுவிட்டது, சேனல் போய்விடுமா?

கடற்கரைப் பங்கு:
இயேசுவுக்கே புகழ். தூத்துக்குடி பக்கம் ஒரு கடற்கரைப் பங்கில் கோயில் யூடியூப் சேனலை நாங்கள் மூன்று பேர் பார்த்துக்கொள்கிறோம். எங்கள் ஊரில் பல வீடுகளில் ஒருவராவது கப்பலிலோ வளைகுடாவிலோ இருப்பார். வர முடியாதவர்களுக்கு இந்த நேரலைதான் திருவிழா.

ஒன்பதாம் திருவிழா அன்று நற்கருணை பவனி கோயிலுக்குத் திரும்பும் நேரம் காட்சி மறைந்து, அசையாத படம் ஒன்று வந்துவிட்டது. போனில் காப்புரிமை எச்சரிக்கை. பதறிப்போய் நேரலையை முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். இணைப்பு (லிங்க்) மாறியதால் யாருக்கும் தெரியவில்லை, அதற்குள் ஆசீரும் முடிந்துவிட்டது. படுக்கையில் இருக்கும் ஒரு பாட்டியின் மகள் மறுநாள் வந்து, "அம்மா கைகூப்பினபடியே போனைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க தம்பி" என்றார். மனசு ஆறவில்லை.

பாடினது எங்கள் பாடகர் குழுதான். சொந்தக் குரலில் பாடினாலும் பிரச்சினை வருமா? நேரலையே வேண்டாமா என்று ஃபாதர் யோசிக்கிறார்.

மிக்ஸர் அண்ணன்:
தம்பி, சரியாக அந்த நிமிடம் ஸ்பீக்கரில் என்ன ஓடியது? பாடகர் குழுவா, பென்டிரைவா?

கடற்கரைப் பங்கு:
விசாரித்தேன் அண்ணே. பவனி வந்து சேரும்வரை மைக் செட்காரர் பென்டிரைவில் பக்திப் பாடல் போட்டிருக்கிறார்.

மிக்ஸர் அண்ணன்:
அதுதான். யூடியூப்பின் கன்டென்ட் ஐடி நேரலையையும் கேட்டுக்கொண்டே இருக்கும். இசை நிறுவனம் கொடுத்துவைத்த பதிவோடு ஒத்துப்போனால் காட்சியை மறைத்துவிட்டு எச்சரிக்கும். உடனே பாட்டை நிறுத்தினால் பெரும்பாலும் அதே நேரலை தொடரும். முடித்திருக்க வேண்டியதில்லை.

யூடியூப் ஸ்டுடியோவில் வந்திருப்பது உரிமைகோரலா (பாட்டு தங்களுடையது என்று நிறுவனம் சொல்வது), ஸ்ட்ரைக்கா (சேனல் மீதே விழும் தண்டனை) என்று பாருங்கள். கோரல் மட்டும் என்றால் சேனலுக்கு ஆபத்தில்லை. 90 நாளுக்குள் 3 ஸ்ட்ரைக் வந்தால்தான் சேனல் போகும். பதிவான வீடியோவில் அந்தப் பாட்டு வரும் இடத்தை ஸ்டுடியோவிலேயே வெட்டலாம், ஒலியை மட்டும் அடைக்கவும் செய்யலாம். பாடகர் குழு பாடினாலும் மெட்டை வைத்துக் கோரல் வரலாம், ஆனால் உங்களுக்கு நேர்ந்தது அதுவல்ல.

இனிமேல் நேரலைக்கு மிக்ஸரின் ஆக்ஸ் அவுட்டில் (வேண்டிய ஒலியை மட்டும் தனியாக வெளியே எடுக்கும் வழி) இருந்து ஒலி எடுங்கள். பீட மைக்கும் பாடகர் மைக்கும் மட்டும் அதில் போகட்டும், மிக்ஸரில் பென்டிரைவ் வரும் சேனலுக்கு ஆக்ஸ் பூஜ்யம். ஒன்றை மறக்காதீர்கள்: மைக் திறந்திருந்தால் ஸ்பீக்கர் பாட்டு அதன் வழியாகவும் நுழையும். அந்த நேரம் மைக்குகளை மூடச் சொல்லுங்கள்.

பழைய பாடகர்:
வழிபாட்டுக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறதே? கோரலை எதிர்த்து எழுதுங்கள்.

மிக்ஸர் அண்ணன்:
1957 காப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் உண்மையான மதச் சடங்குகளுக்கு விலக்கு உண்டுதான். கோயிலில் பாட்டுப் போடுவதை அது காக்கும். உலகமே பார்க்கும்படி வீடியோவாக வைத்திருப்பதையும் காக்குமா என்பது தனி வாதம். எதிர்த்து எழுதினால் உரிமையாளருக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. ஒரு பென்டிரைவ் பாட்டுக்காக அது தேவையா?

மறைக்கல்வி அக்கா:
தம்பி, நிறுத்த வேண்டாம் என்று ஃபாதரிடம் சொல்லுங்க. இணையத்தில் பார்ப்பது நற்கருணைப் பிரசன்னத்துக்கு ஈடாகாது என்று 2002இல் வத்திக்கான் வெளியிட்ட 'திருச்சபையும் இணையமும்' ஆவணமே சொல்கிறது. நடக்க முடிந்தவர்கள் கோயிலுக்கு வரட்டும். ஆனால் அந்தப் பாட்டிக்கு நேரலை காட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. வீட்டில் இருந்து பார்க்கும் நோயாளிகளை அன்பியம் (பங்கில் உள்ள சிறு குடும்பக் குழு) வாரியாக எழுதி ஃபாதரிடம் கொடுங்க, நன்மை (நற்கருணை) கொண்டுபோக வசதியாக இருக்கும். எங்கள் பங்கில் நேரலை வந்த பிறகுதான் அந்தப் பட்டியலே உருவானது.

இன்னொன்று. மன்றாட்டில் நோயாளி பெயரையும் நோயையும் சேர்த்து வாசிக்கிறோம். கோயிலுக்குள் அது நம் குடும்பம். நேரலையில் ஊர் உலகமே கேட்கிறது. வீட்டாரைக் கேட்காமல் வாசிக்க வேண்டாம்.

கடற்கரைப் பங்கு:
கோரல் மட்டும்தான், ஸ்ட்ரைக் இல்லை. பாட்டுப் பகுதியை வெட்டிவிட்டோம். சனிக்கிழமை மாலை யாருக்கும் காட்டாமல் ஒரு சோதனை நேரலை ஓட்டினோம், ஆக்ஸ் ஒலி தெளிவாக இருந்தது. மைக் செட்காரரும் ஒத்துக்கொண்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் பாட்டி வீட்டுக்கு நன்மை கொண்டுபோனார். இனி இணைப்பு மாறினால் அன்பிய வாட்ஸ்அப் குழுக்களில் உடனே போட ஒரு தங்கச்சி பொறுப்பெடுத்திருக்கிறாள். அக்கா, மன்றாட்டு விஷயத்தைப் பங்குப்பேரவையில் பேசப்போகிறோம்.