புதுப்பிப்பு: அக்காவுக்கு அந்த இரத்தப் பரிசோதனை தேவையா?

மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் (மூளை, முதுகுத்தண்டு நரம்புகளின் உறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் நோய்) உள்ள அக்காவின் ஒட்சியேற்ற அழுத்தத்தை (செல்களைச் சேதப்படுத்தும் ஒட்சிசன் வேதிப்பொருள்கள் உடலில் மிகுவதை) இரத்தத்தில் அளந்து நோயைக் கவனிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். நரம்பியல் மருத்துவரிடம் கேட்டாச்சு. அந்த அழுத்தத்தால் கொழுப்பு சிதையும்போது உண்டாகும் மாலோன்டையல்டிஹைட் போன்றவற்றை ஆய்வுகளில் அளக்கிறார்கள்தான். ஆனால் சாப்பாடு, புகைத்தல், வேறு நோய் எல்லாமே அந்த அளவை மாற்றிவிடும். அதை நம்பி மருந்தை மாற்ற முடியாது. எம்.ஆர்.ஐ.யும் நடை, பார்வைப் பரிசோதனையும்தான் இப்போதைக்கு வழி.

இந்த நோய்க்குக் கொடுக்கும் டைமெதில் ஃபியூமரேட் குளிசை உடலின் ஒட்சியேற்ற எதிர்ப்பைத் தூண்டுவதுதான், அமெரிக்காவில் 2013இல் அனுமதி பெற்றது. அதை எடுப்பவர்களுக்கும் இரத்தத்தில் முக்கியமாகப் பார்ப்பது லிம்போசைட் (ஒரு வகை வெள்ளை இரத்த அணு) எண்ணிக்கையை!

ஒட்சியேற்றத்தைக் குறைக்க விற்றமின் ஈ வாங்கச் சொன்னவர்கள் குறை நினைக்காதீர்கள், வாங்கவில்லை. அப்புறம், திருகோணமலை வெயிலில் அவவுக்குக் கண் மங்குவது உடல் சூடேறுவதால். குளிர்ந்ததும் தெளிந்துவிடுகிறது, நோயின் புதிய தாக்கம் இல்லையாம். கோணேசர் கோயிலுக்கு இனிக் காலையிலேயே போய் வருவோம்.