தரங்கம்பாடியில் இருந்ததுதான் இந்தியாவின் முதல் அச்சகமா?

கடலூர்க்காரன்:
பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் ஓர் அம்மா, சென்னையிலிருந்து கன்னியாகுமரிவரை எட்டு நாள் காரில் கடலோரமாகப் போய்வந்ததை எழுதியிருக்கிறார். படங்கள் அழகு. ஆனால் தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை வாசலில் உட்கார்ந்து மகள் நோட்டில் எழுதியிருப்பதைப் பாருங்கள்: ‘இந்தியாவின் முதல் அச்சகம் இங்கேதான் வந்தது, 1712.’ கோவாவில் 1556லேயே அச்சுக்கூடம் வந்தாயிற்று. ஊர் சுற்றுவதற்குப் படிப்பு என்று பெயர் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

மூணுபிள்ளை அம்மா:
அந்த அம்மா நான்தான். அவளுக்குப் பதினொரு வயது. பிச்சாவரத்தில் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று படகுக்காரர் சொன்னதும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று ஏன் பெயர் வந்தது என்பதை இனி அவள் மறக்கமாட்டாள். உங்கள் வகுப்பறையில் இது கிடைக்குமா?

கடலூர்க்காரன்:
தில்லை மரம் இருக்கட்டும். ‘இந்தியாவின் முதல்’ என்று எழுதியிருக்கிறதா, இல்லையா?

மூணுபிள்ளை அம்மா:
அவள் நினைத்தது தமிழ் அச்சை. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார், 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது.

புன்னைக்காயலான்:
தமிழ் அச்சு என்றாலும் தப்புதான் அம்மா. ‘தம்பிரான் வணக்கம்’ என்ற கிறிஸ்தவ நூல் 1578இல் கொல்லத்தில் அச்சானது. பதினாறே பக்கம். அச்சில் கொண்டுவந்தவர் போர்ச்சுகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார். அவருடைய ‘அடியார் வரலாறு’ 1586இல் எங்கள் புன்னைக்காயலிலேயே அச்சானதாகச் சொல்வார்கள். அப்போது சீகன்பால்கு பிறக்கவே இல்லை. தூத்துக்குடியில் மக்ரூன் வாங்க வண்டியை நிறுத்தியிருக்கிறீர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் திருப்ப மனம் வரவில்லையே!

தரங்கைப் பெண்:
பதினாறு பக்கம் அச்சடிப்பது வேறு, அச்சகம் நடத்துவது வேறு. ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்தன, காகிதம் கட்டுப்படியாகவில்லை. அதனால் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பொறையாறு பக்கம் காகித ஆலையும் வைத்தார்கள், கடுதாசிப்பட்டறை என்ற பெயர் இன்றும் இருக்கிறது. பாப்பா எழுதியது சரி. எங்கள் ஊர்தான் முதல்.

புன்னைக்காயலான்:
1578 முந்தியதா, 1712 முந்தியதா? பூம்புகார் பற்றிப் பேசியபோதும் நீங்கள் இப்படித்தான் ஊர்ப் பாசத்தில் கணக்கை மாற்றினீர்கள்.

தரங்கைப் பெண்:
பூம்புகாரை ஏன் இழுக்கிறீர்கள்? அன்று பதில் சொல்லாமல் போனது நீங்கள்.

ஓய்வு வாத்தியார்:
முப்பத்தொரு வருடம் ஏழாம் வகுப்பு எடுத்தவன் நான். நோட்டில் தப்பு இருந்தால் சிவப்பு மையில் சுழிப்போம். வீட்டில் யார் சுழிப்பது? நாளைக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எப்படி எழுதும் அந்தப் பிள்ளை?

மூணுபிள்ளை அம்மா:
தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுதுவாள் ஐயா, என் பெரியவன் எழுதிவிட்டான். அவன் படித்த பள்ளியில் கேள்வி கேட்டதற்காகப் பெஞ்சு மேல் ஏற்றினார்கள். அன்று மதியம் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தவள்தான், திருப்பி அனுப்பவில்லை.

கடலூர்க்காரன்:
தனுஷ்கோடிப் படத்தின் கீழே புயல் 1964 டிசம்பர் 23 என்று போட்டிருக்கிறீர்களே, அது 22 இல்லையா?

மூணுபிள்ளை அம்மா:
22ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி அடித்த புயல். இடிந்த தேவாலயத்துச் சுவரைத் தொட்டுப் பார்த்து, இது பவளக்கல் அம்மா என்று சின்னவன் சொன்னான். நீங்கள் தேதியை மட்டும் பாருங்கள்.

புன்னைக்காயலான்:
தேதியைத்தான் பார்க்கவேண்டும். 1578.

தரங்கைப் பெண்:
அது கொல்லத்தில். உங்கள் ஊரில் இல்லை.

புன்னைக்காயலான்:
சரி, 1586 என்றே வையுங்கள். அப்போது தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களே இல்லை, 1620இல்தான் வந்தார்கள். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் நிறுத்தி நானே சொல்லித்தருகிறேன்.

மூணுபிள்ளை அம்மா:
வருகிறோம். ஆனால் நோட்டில் ஒரு எழுத்தையும் அடிக்கச் சொல்லமாட்டேன்.

கடலூர்க்காரன்:
அப்போ கோவா 1556 என்னவாயிற்று? ஒருத்தரும் பதில் சொல்லவில்லையே.