வயசுக்கு வந்து ரெண்டு வருஷம்தான், பீரியட்ஸ் ஒழுங்கில்லை: கருத்தடை மாத்திரை தேவையா?

செம்பருத்தி:
ஒரு ஸ்கேன், ‘நீர்க்கட்டி’ என்று ஒரு வார்த்தை, உடனே 21 மாத்திரை அட்டை. இதைத்தான் எதிர்க்கிறேன். பூப்பெய்திய புதிதில் பல மாதங்களில் முட்டையே வெளிவராது. ஓராண்டு கடந்து மூன்றாண்டு வரை 21 முதல் 45 நாள் இடைவெளி இயல்பானதுதான். பிசிஓஎஸ் (‘சினைப்பை நீர்க்கட்டி’ என்று சொல்லப்படும் ஹார்மோன் கோளாறு) பற்றி 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டி, பூப்பெய்தி 8 ஆண்டு ஆகாதவர்களுக்கு நோயை உறுதிசெய்ய ஸ்கேனும் வேண்டாம், ஏஎம்எச் எனும் சினைப்பை ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனையும் வேண்டாம் என்கிறது. ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண் ஹார்மோன் மிகுதி, இரண்டும் இருந்தால்தான் பிசிஓஎஸ்.

நொச்சி:
ஸ்கேன் விஷயத்துல சண்டையே இல்லைங்க. ஆனா “தானா சரியாகும்”னு எத்தனை நாள் காத்திருக்கறது? ஒரே ஒரு தடவை 90 நாள் தாண்டினாலும் பார்க்கணும். முட்டை வராத மாசங்கள்ல ஈஸ்ட்ரோஜன் மட்டும் வேலை செஞ்சு கர்ப்பப்பை உள்சுவர் தடிச்சுக்கிட்டே போகும். அப்புறம் வந்தா நிக்காது. மணிக்கொரு நாப்கின் நனையற பிள்ளைக்கு வெந்தயத் தண்ணி சொல்லிட்டு இருக்க முடியாது.

செம்பருத்தி:
கொட்டும்போது கொடுக்கட்டும், மறுக்கவில்லை. மற்றவர்களுக்கு அது காரணத்தை மூடிவிடுகிறது. அட்டை முடிந்த 7 நாளில் வருவது ஹார்மோன் நின்றதால் வரும் ரத்தம், அது மாதவிடாய் அல்ல. சாப்பாட்டைக் குறைத்து மெலிந்த பிள்ளைக்கும் மாத்திரை போட்டால் ‘மாசாமாசம்’ வரும். எலும்பு மட்டும் இளைத்துக்கொண்டே போகும். மாத்திரை தொடங்கிவிட்டால் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) பரிசோதனையை நம்ப முடியாது, 3 மாதம் நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். எனவே தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரப்பு ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனைகள் முதலில். வீட்டில் முகம் சுளித்தாலும் கர்ப்பப் பரிசோதனையும்.

நொச்சி:
சரி, அது முதல்ல. பிறகு எந்த மாத்திரைங்கறதுதான் கேள்வி. ஈஸ்ட்ரோஜன் வகையான எத்தினைல் எஸ்ட்ராடியால் 30 மைக்ரோகிராம், புரோஜெஸ்டிரோன் வகையான லெவோநார்ஜெஸ்ட்ரல் 150 மைக்ரோகிராம் சேர்ந்த கலவை மாத்திரை போதும். மாலா-டி கருத்தடை மாத்திரையில இருக்கறதும் அதேதான். பருவுக்குன்னு, ஆண் ஹார்மோனைத் தடுக்கற சைப்ரோட்டெரோன் கலந்ததை எடுத்த எடுப்பிலேயே எழுதறது தப்பு. ரத்தம் கட்டற ஆபத்து மாத்திரைக்கு மாத்திரை மாறும். ஐரோப்பிய மருந்து முகமைக் கணக்குப்படி, ஹார்மோன் எடுக்காத 10,000 பெண்கள்ல வருஷத்துக்கு 2 பேருக்கு ரத்தக்கட்டி வரும். லெவோநார்ஜெஸ்ட்ரலோட 5–7, அதே வகையில இன்னொரு மருந்தான டிராஸ்பைரினோனோட 9–12. பி.பி. பார்க்காம, கண்ணுல மின்னல் மாதிரி தெரிஞ்சு வர்ற ஒற்றைத் தலைவலி உண்டான்னு கேட்காம, வீட்டுல யாருக்காவது காலில் ரத்தம் கட்டியிருக்கான்னு விசாரிக்காம அட்டையைக் கொடுக்கக்கூடாது.

தும்பை:
நடுவுல ஒரு வழி இருக்கே. ஈஸ்ட்ரோஜன் இல்லாத, புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரையான மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் 10 மி.கி., தினம் ஒண்ணு, 10 நாள். முடிஞ்சு ஒரு வாரத்துக்குள்ள வந்துடும். 3 மாசத்துக்கு ஒருமுறை இப்படிச் செஞ்சாலே உள்சுவர் தடிக்காது.

செம்பருத்தி:
பெரும்பாலோருக்கு இதுவே போதும் என்பேன்.

நொச்சி:
மீசை, தாடி முடி இருந்தா போதாது தும்பை. அதுக்கு கலவை மாத்திரைதான், அதுவும் பலன் தெரிய 6 மாசம் ஆகும். முதல் 3 மாசம் இடையிடையே திட்டுத்திட்டா படும்னு யாரும் முன்னாடியே சொல்றதில்ல. பயந்துபோய் அட்டையைப் பாதியில நிறுத்துவாங்க, ரெண்டு மூணு நாள்ல ரத்தப்போக்கு வரும், “மாத்திரையாலதான் இப்படி”ன்னு இங்க வந்து எழுதுவாங்க.