ஆறு நாள் என்றால் ஆறு நாள்தானா?

பெரேயன்:
நேற்று அத்திமரம் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "தேவன் உலகைப் படைத்ததாகப் பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமம் சொல்லும் ஆறு நாட்கள் 24 மணி நேர நாட்கள்தான் என்று, படித்த கிறிஸ்தவர் யாரும் இன்று நம்புவதில்லை" என்கிறார். நான் படித்தவன்தான், நம்புகிறேன். ஒவ்வொரு நாளின் முடிவிலும் "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்று இருக்கிறது. ஒரு தடவை அல்ல, ஆறு தடவை. ஒரு நாள் என்பது கோடி வருஷம் என்றால், கோடி வருஷத்துக்கு ஏது சாயங்காலம்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

அத்திமரம்:
சகோதரரே, சூரியன் எந்த நாளில் உண்டானது? நான்காம் நாள். அப்படியானால் முதல் மூன்று சாயங்காலம் எதை வைத்து வந்தது? இதை 3ஆம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற வேத அறிஞர் கேட்டுவிட்டார். சூரியனும் சந்திரனும் இல்லாமல் மூன்று நாள் கழிந்தது என்று புத்தியுள்ள எவன் நம்புவான் என்றார். அப்போது டார்வின் பிறக்கவும் இல்லை.

பெரேயன்:
ஓரிகனா! அவரைச் சபையே பின்னாளில் கண்டித்தது. 4ஆம் நூற்றாண்டு பிஷப் பசிலியுவைப் படியுங்கள். ஆறு நாள் படைப்பைப் பற்றிய பிரசங்கங்களில் ஒரு நாளுக்கு 24 மணி நேரம் என்று தெளிவாகச் சொல்கிறார். புல் என்று எழுதியிருந்தால் அது புல்தான் என்பவர் அவர். சூரியன் பிரச்சினையே இல்லை. வெளிச்சம் முதல் நாளே வந்துவிட்டது. பூமி சுழன்றால் சாயங்காலம் வரும். சாயங்காலம் என்றால் சாயங்காலம்தான்.

உப்புத்தூண்:
ஆறு நாளைக் காப்பாற்ற பூமியையே சுழல விட்டுவிட்டீர்களே! பூமி சுழல்கிறது என்று எந்த வசனத்தில் இருக்கிறது? 104ஆம் சங்கீதம் பூமி நிலைபேராது என்கிறது. அங்கே மட்டும் எழுத்துப்படி எடுக்கமாட்டீர்களாக்கும்.

பெரேயன்:
சங்கீதம் கவிதை, ஆதியாகமம் வரலாறு. இது ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் தம்பி. போன மாதம் யோனாவைப் பற்றிய விவாத இழையில் என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஓடியவர்தானே நீங்கள்?

உப்புத்தூண்:
ஓடவில்லை, தூங்கப் போனேன். அப்புறம், தம்பி என்று கூப்பிடாதீர்கள். உங்களைவிட எனக்கு வயது அதிகம்.

மரிக்கொழுந்து:
ஓரிகனைக் கண்டித்தது ஆன்மாக்கள் முன்பே இருந்தன என்பது போன்ற போதனைகளுக்காக, இந்தக் கேள்விக்காக அல்ல. தொடக்கநூலைப் பற்றி இவ்வளவு பதற்றம் கத்தோலிக்கரான எங்களுக்கு எப்போதும் இருந்ததில்லை. கடவுள் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் படைத்தார், ஆறு நாள் என்பது நமக்குப் புரிவதற்கான ஒழுங்கு என்றார் புனித அகுஸ்தினார். மனித உடலின் தோற்றத்தைப் பொறுத்தவரை பரிணாமத்தை ஆராயத் தடையில்லை, ஆன்மாவை மட்டும் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்று 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் எழுதினார். பெருவெடிப்புக் கொள்கைக்கு அடித்தளம் போட்ட லெமேத்ர் ஒரு குருவானவர்.

பெரேயன்:
தொடக்கநூலாம்! ஆதியாகமம் என்று சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளுமா? பெயரையே மாற்றியவர்களுக்கு நாளை மாற்றுவதா கஷ்டம்? அகுஸ்தினாரே சொல்லட்டும், வசனத்தில் சாயங்காலம் இருக்கிறதா இல்லையா?

மரிக்கொழுந்து:
எங்கள் மொழிபெயர்ப்பில் "மாலையும் காலையும்" என்று இருக்கிறது ஐயா. எபிரேயத்தில் மோசே சாயங்காலம் என்றா எழுதினார்? தமிழ்ச் சொல்லுக்கு எதற்கு இத்தனை சண்டை.

பெரேயன்:
மாலை, சாயங்காலம், அந்தி, எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். கோடி வருஷம் என்று மட்டும் வைக்க முடியாது.

அத்திமரம்:
சரி, இரண்டாம் அதிகாரம் நான்காம் வசனத்துக்கு வாருங்கள். பூமியையும் வானத்தையும் உண்டாக்கின "நாளில்" என்று ஒருமையில் வருகிறது. ஆறு நாள் வேலை முழுவதும் ஒரே நாளாகிவிட்டதே? எபிரேயத்தில் இரண்டு இடத்திலும் நாளுக்கு அதே "யோம்" என்ற சொல்தான். தமிழிலும் "அந்த நாளில் எல்லாம் இப்படியா" என்றால் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. இன்னொன்று, ஏழாம் நாளுக்குச் சாயங்காலமே சொல்லப்படவில்லை. அந்த நாள் இன்னும் முடியவில்லையா?

பெரேயன்:
இரண்டாம் அதிகாரத்தில் சாயங்காலம் இல்லை, அதனால் அங்கே காலம் என்று எடுக்கலாம். முதல் அதிகாரத்தில் இருக்கிறது. யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளைக்கு இந்த ஆறு நாளைத்தான் காரணம் காட்டுகிறார் கர்த்தர். இஸ்ரவேலர் ஆறு யுகம் வேலை செய்துவிட்டு ஒரு யுகமா ஓய்ந்திருந்தார்கள்?

அத்திமரம்:
ஏழாம் நாளைப் பற்றிக் கேட்டேன்.

உப்புத்தூண்:
அதற்குப் பதில் வராது. ஒன்று தெரியுமா, 1925இல் அமெரிக்காவில் பள்ளியில் பரிணாமம் கற்பித்ததற்காக நடந்த ஸ்கோப்ஸ் வழக்கில் பரிணாமத்தை எதிர்த்து நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனே, அந்த நாட்கள் 24 மணி நேரமாக இருக்க வேண்டியதில்லை என்று சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டார். நம் பெரேயன் பிரையனையும் மிஞ்சிவிட்டார். இந்தப் பிடிவாதம் பரவலானதே 1961இல் விட்கம்பும் மாரிஸும் ஜலப்பிரளயத்தைப் பற்றிப் புத்தகம் போட்ட பிறகுதான்.

பெரேயன்:
1961க்குப் பிறகா? ஆர்ச்பிஷப் அஷர் 17ஆம் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டு, சிருஷ்டிப்பு கி.மு. 4004 என்றார். அவர் எந்தப் புத்தகத்தைப் படித்துக் கெட்டுப்போனார்? பிரையன் என்ன, அப்போஸ்தலனா?

மரிக்கொழுந்து:
நான்காம் நாள் வசனத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அங்கே சூரியன், சந்திரன் என்ற பெயரே வராது. பெரிய சுடர், சிறிய சுடர், அவ்வளவுதான். சுற்றியிருந்த மக்கள் அவற்றைத் தெய்வமாகக் கும்பிட்டார்கள். பாபிலோனியரின் படைப்புக் கதையில் மர்துக் என்ற தெய்வம் தியாமத் என்ற கடல் தேவியைக் கொன்று அவள் உடலைப் பிளந்து வானத்தை அமைக்கிறான். இங்கே சண்டை இல்லை, ஒரு சொல் போதும். அந்தச் சுடர்களும் வெறும் விளக்குகள். எழுதியவரின் கவலை அதுதான், மணிக்கணக்கு அல்ல.

பெரேயன்:
பார்த்தீர்களா? சூரியன் என்ற பெயரே இல்லையாம்! காலையிலிருந்து சூரியன் சூரியன் என்று என்னைக் குடைந்த அத்திமரம் இப்போது எங்கே? சாயங்காலம் என்ற சொல்லோ ஆறு தடவை இருக்கிறது.

அத்திமரம்:
அவர் சொன்னது அது இல்லை. பெரிய சுடர் என்றால் சூரியன்தானே சகோதரரே, சிறு பிள்ளைக்கும் தெரியும்.

பெரேயன்:
அப்படியா? சுடர் என்றால் சூரியன்தான், ஆனால் நாள் என்றால் மட்டும் நாள் இல்லை. நல்ல நியாயம். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

உப்புத்தூண்:
24 மணி நேர நாளைக்கா, யுக நாளைக்கா?

பெரேயன்:
கிண்டல் செய்தால் ஆறு சாயங்காலமும் காணாமல் போய்விடாது தம்பி. யோனா இழைக்கும் உங்கள் பதில் இன்னும் வரவில்லை.