தும்மோவுக்குத் தமிழ்ச்சொல்: ‘மூள்கனல்’ என்று வழங்கலாமா?

அன்பர்களே, வணக்கம்.

மூச்சாலும் மனக்காட்சியாலும் உடம்புக்குள் கனலை எழுப்பும் திபெத்தியப் பௌத்தத் தியானப் பயிற்சிதான் தும்மோ. கலைக்களஞ்சியக் கட்டுரைக்காக அதற்கு ஒரு தமிழ்த் தலைச்சொல் தேடும் இந்த இழை ‘உடற்சூட்டுத் தியானம்’, ‘உள்ளனல்’, ‘சண்டாளி யோகம்’, ‘டும்மோ’ ஆகிய நான்கு பரிந்துரைகளோடு நிற்கிறது. நான் ‘மூள்கனல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது; பொறுமையாகப் படியுங்கள்.

> பனியில் உட்கார்ந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்வதுதானே? ‘உடற்சூட்டுத் தியானம்’ என்றால் எல்லாருக்கும் புரிந்துவிடுமே.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். நம் பேச்சில் ‘உடம்புச் சூடு’ என்பது தணிக்க வேண்டிய கோளாறு. எண்ணெய் தேய்த்துக் குளி, வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடு, மோர் குடி என்று வீட்டில் சொல்வார்கள். அந்தச் சொல்லை வைத்தால் வாசகர் முதல் அடியிலேயே தவறான வழியில் போய்விடுவார். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இந்தப் பயிற்சியில் சூடு இலக்கே அல்ல. அது வழியில் தென்படும் அடையாளம்.

திபெத்தியப் பௌத்தத்தின் ஒரு பிரிவான காக்யு மரபினர் போற்றும் ‘நாரோபாவின் ஆறு தருமங்கள்’ என்ற பயிற்சித் தொகுப்பில் இது முதலாவது. மற்ற ஐந்துக்கும் இதுவே அடித்தளம். இந்தியச் சித்தர் திலோபாவிடமிருந்து அவருடைய சீடர் நாரோபா, அவரிடமிருந்து மொழிபெயர்ப்பாளர் மார்பா, மார்பாவிடமிருந்து மிலரெபா என்று 11ஆம் நூற்றாண்டில் இது இந்தியாவிலிருந்து திபெத்துக்குப் போனது. ‘ரெபா’ என்றால் பருத்தித்துணி உடுத்தவர். ஆட்டுத்தோலும் கம்பளியும் இல்லாமல் வெளியே இறங்க முடியாத நாட்டில் ஒற்றைப் பருத்தித்துணியோடு குகைகளில் குளிர்காலத்தைக் கழித்ததால் அவருக்கு அந்தப் பெயர். லப்சிப் பனிமலையில் மாதக்கணக்கில் பனி அடைத்துக் கிடந்தபோது அவர் இறந்துவிட்டார் என்றே சீடர்கள் முடிவுகட்டியதாகவும், பனி விலகிப் போய்ப் பார்த்தபோது அவர் நலமாக இருந்ததாகவும் அவருடைய வரலாறு சொல்கிறது. குளிரைத் தாங்கியது அவருக்குச் சாதனையாகத் தெரியவில்லை. மனத்தின் இயல்பை அறிவதுதான் அவருக்குக் காரியம். அதற்குத் தனிமை வேண்டும், தனிமைக்கு மலை வேண்டும், மலையில் பிழைத்திருக்க இந்தக் கனல் வேண்டும்.

பயிற்சியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தால்தான் சொல் அமையும். நிமிர்ந்து உட்கார்ந்து, உடம்பின் நடுவே மெல்லிய, உள்ளீடற்ற ஒரு நாடியை, அதாவது உயிர்க்காற்று ஓடும் குழாயை, மனத்தில் வரைகிறார்கள். நம் யோக மரபு நடுநாடி என்று சொல்லும் சுழுமுனைக்கு இணையானது. அதன் இரு பக்கமும் இரண்டு நாடிகள். தொப்புளுக்குக் கீழே நான்கு விரற்கடை அளவில், மயிரிழை போல நுனி கூர்ந்த ஒரு சிவந்த கோடு. திபெத்திய எழுத்தில் அது குறுகிய ‘அ’. மூச்சை உள்ளிழுத்து, மேலிருந்து கீழாக அழுத்தி, கீழிருந்து இடுப்படித் தசைகளைச் சுருக்கி மேலே இழுத்து, இரண்டுக்கும் நடுவே காற்றை நிறுத்துகிறார்கள். அடிவயிறு குடம்போல் திரளும். அந்தக் காற்று பட்டதும் சிவந்த கோடு கனன்று, சுடராகி, நடுநாடியில் ஏறுகிறது. உச்சியில் தலைகீழாக இருக்கும் ‘ஹம்’ என்ற வெண்ணிற எழுத்து அந்த வெம்மையில் உருகிச் சொட்டுகிறது. அந்த உருகலிலிருந்து எழும் பேரின்பத்தைச் சூனியத்தோடு (எதற்கும் தனித்த, நிலையான இருப்பு இல்லை என்ற பௌத்த உணர்வோடு) கூட்டி நோக்குவதே பயிற்சியின் நோக்கம். ‘உடற்சூடு’ என்ற சொல் இதில் ஒரு துளியைக்கூடத் தொடவில்லை.

> வடமொழி மூலத்தில் சண்டாலீ என்றுதான் இருக்கிறது. மூலத்துக்கு விசுவாசமாக ‘சண்டாளி யோகம்’ என்றே வைத்துக்கொள்வோமே.

மூலத்தில் இருப்பது உண்மைதான். ஹேவஜ்ர தந்திரம் என்ற பௌத்த நூல் ‘சண்டாலீ ஜ்வலிதா நாபௌ’ என்கிறது: உந்தியில் சண்டாலீ கொழுந்துவிட்டாள். சாதி ஒழுங்குக்கு வெளியே தள்ளப்பட்ட பெண்ணின் பெயரையே விடுதலை தரும் நெருப்புக்கு வைத்தார்கள் அந்தச் சித்தர்கள். அதை நான் மதிக்கிறேன். ஆனால் தமிழில் அந்தச் சொல் வந்து சேர்ந்திருக்கும் இடம் வேறு. தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் அட்டவணையில் இன்றும் உள்ள ஒரு பெயர் அது. அதையே தெருச்சண்டையிலும் திரைவசனத்திலும் வசையாக்கி வைத்திருக்கிறோம். ஒரு மாணவி கலைக்களஞ்சியத்தில் இந்தத் தலைப்பைப் பார்க்கும்போது அந்த வசை அவள் காதில் விழக் கூடாது. மூலச்சொல்லின் வரலாற்றைக் கட்டுரைக்குள் இரண்டு வரியில் விளக்கலாம். தலைச்சொல்லாக வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

திபெத்தியர் அந்தச் சொல்லின் ‘சண்ட’ என்ற பகுதியை எடுத்துக்கொண்டு ‘சீற்றம் கொண்டவள்’ என்ற பொருளில் தம் மொழியில் ஆக்கிக்கொண்டார்கள். எழுத்தில் முன்னால் ஒரு ‘க’ உண்டு, பலுக்கும்போது ஒலிப்பதில்லை. அடுத்து வருவது பல்லொலித் தகரம். ஆகவே ‘டும்மோ’ ஆங்கில எழுத்துக்கூட்டலிலிருந்து வந்த பிழை. ஒலிபெயர்த்தால் ‘தும்மோ’ என்றுதான் எழுத வேண்டும். அதைக் கட்டுரையின் முதல் வரியில் கட்டாயம் தர வேண்டும். தலைச்சொல்லாக அது மட்டும் நின்றால் தும்மலைத்தான் நினைவூட்டும்.

‘உள்ளனல்’ நல்ல சொல். எழுதிய நண்பருக்கு நன்றி. எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது. அது ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒரு பொருளைச் சுட்டுகிறது. பசித்தீயையும் அப்படிச் சொல்லலாம், மனக்கொதிப்பையும் சொல்லலாம். காற்று பட்டுப் பற்றிக்கொள்கிற அந்தக் கணம் அதில் இல்லை.

அந்தக் கணத்துக்குத் தமிழில் சொல் காத்திருக்கிறது. விநாயகர் அகவலில் ஔவையார்:

மூலா தாரத்தின் மூண்டெழு கனலைக்
காலால் எழுப்பும் கருத்தறி வித்தே

இங்கே ‘கால்’ என்பது காற்று, மூச்சு. மூச்சால் எழுப்பப்படும் கனல், மூண்டு எழும் கனல். தும்மோவின் இயக்கத்தை ஒரு தமிழர் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது. ‘மூண்டெழு கனல்’ என்பதைச் சுருக்கி ‘மூள்கனல்’ என வினைத்தொகையாக்கினால் மூன்று காலத்துக்கும் பொருந்தும். ‘கனல் மூண்டது’, ‘கனல் மூளவில்லை’, ‘கனல் மூட்டும் மூச்சு’ என்று வினையாகவும் ஓடும். கலைச்சொல் பெயராக மட்டும் நின்றுவிட்டால் அகராதியில் உறங்கிவிடும். வினையாக ஓடினால்தான் கட்டுரையாளர் கைக்கு வரும்.

துணைச்சொற்கள் இரண்டையும் இப்போதே முடிவுசெய்வது நல்லது. மூச்சை அடிவயிற்றில் குடம்போல் நிறுத்தும் முறைக்குக் ‘கும்பகம்’ என்று போட்டுவிடத் தோன்றும். ஆனால் நம் யோக வழக்கில் மூச்சை நிறுத்தும் எதையும் கும்பகம் என்றே சொல்கிறோம். மேலும் கீழும் அழுத்தி நடுவில் திரட்டும் இந்தத் தனிமுறைக்குக் ‘குடமூச்சு’ என்று தனிச்சொல் இருக்கட்டும். இதை வலிந்து செய்வதும் மென்மையாகச் செய்வதும் வேறுவேறு என்பதால் வன்குடமூச்சு, மென்குடமூச்சு என்று பிரிக்கலாம். உடம்பு வெப்பத்தை உண்டாக்குவதற்கு ‘வெப்பவாக்கம்’. தசை நடுங்கி உண்டாவது ‘நடுக்க வெப்பவாக்கம்’, வெப்பம் தருவதற்கென்றே உடம்பில் உள்ள பழுப்புக் கொழுப்பு எரிந்து உண்டாவது ‘நடுங்கா வெப்பவாக்கம்’.

இந்தப் பிரிவினை சொல்லழகுக்காக அல்ல. ஆய்வுகளைத் தமிழில் எழுத இது தேவை. ஹார்வர்டின் ஹெர்பர்ட் பென்சன் குழு 1981 பிப்ரவரியில் தர்மசாலாவுக்கு மேலேயுள்ள மலையில் மூன்று துறவிகளை அளந்து, 1982இல் நேச்சர் இதழில் வெளியிட்டது. கைவிரல், கால்விரல்களின் வெப்பநிலை 8.3 டிகிரி செல்சியஸ் வரை ஏறியிருந்தது. பெரிய செய்திதான். ஆனால் அது புறவெப்பம். விரலுக்குக் குருதி கூடுதலாகப் பாய்ந்தாலே ஏறும். உள்ளுடல் வெப்பநிலை ஏறியதாக அந்த ஆய்வு காட்டவில்லை. 2013இல் மரியா கொழெவ்னிகோவ் குழு வெளியிட்ட ஆய்வுதான் அதைக் காட்டியது. வன்குடமூச்சோடு பயின்றவர்களுக்கு அக்குளில் 38.3 டிகிரி வரை ஏறியிருந்தது, அதாவது காய்ச்சல் அளவுக்கு. மென்குடமூச்சில் அப்படி ஏறவில்லை. மூச்சு சூட்டைக் கிளப்புகிறது, சுடரை மனத்தில் காண்பது அதைக் கூடுதல் நேரம் நிலைநிறுத்துகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. கிழக்குத் திபெத்தின் நங்சென் பகுதியில், மைனஸ் 25 டிகிரிக் குளிரில், ஈரத்துணியை வெற்றுடம்பில் சுற்றிக்கொண்டு உலர்த்தும் பிக்குணிகளின் சடங்கையும் அந்த ஆய்வு குறிப்பிடுகிறது. 1924இல் லாசாவை அடைந்த பிரெஞ்சுப் பயண எழுத்தாளர் அலெக்சாந்திரா தாவித்-நீல் எழுதியதும் இதே வகைச் சோதனைதான். காற்றடிக்கும் குளிர்கால இரவில் ஆற்றங்கரையிலோ ஏரிக்கரையிலோ சீடர்கள் அமர்வார்கள். பனிநீரில் தோய்த்த துணியைப் போர்த்துவார்கள். உடம்பில் காய்ந்ததும் மறுபடி தோய்ப்பார்கள். விடியும்வரை இப்படியே நடக்கும்.

இன்னொன்று. குளிர் தாங்கும் பயிற்சியால் பெயர்பெற்ற டச்சுக்காரர் விம் ஹாஃப் பயிற்றும் முறையை ‘தும்மோ’ என்றே தமிழ்க் காணொளிகள் சொல்கின்றன. அவர் முறையில் வேகமாக, ஆழமாக மூச்சு வாங்குவதுதான் அடிப்படை. குடமூச்சும் நாடிக்காட்சியும் அதன் அடிப்படையில் இல்லை. நமக்குத் தனிச்சொல் இருந்தால் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கலாம்.

மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.

* * *

மீண்டும் வணக்கம்.

> மூலாதாரம் வேறு, உந்தி வேறு. சைவ வழிபாட்டுப் பாட்டிலிருந்து சொல் எடுத்தால், தும்மோவும் குண்டலினியும் ஒன்று என்று வாசகர் நினைத்துவிட மாட்டாரா?

இது வலுவான மறுப்பு, அம்மா. இடம் வேறு என்பது மட்டுமல்ல, முடிவும் வேறு. குண்டலினி ஏறிச் சிவத்தோடு கூடுவதாகச் சைவம் சொல்கிறது. தும்மோ பயில்பவர்கள் சூனியத்தை நோக்குகிறார்கள், அங்கே கூடுவதற்கு ஒரு தெய்வம் இல்லை. அதனால்தான் நான் ‘குண்டலினி’ என்ற சொல்லையும், ‘மூலாதாரக் கனல்’ என்ற தொடரையும் தொடவில்லை. எடுத்துக்கொண்டது மூளும் கனல் என்ற வினையை மட்டும். அது எந்தச் சமயத்துக்கும் சொந்தமில்லை. அடுப்பும் மூளும், போரும் மூளும்.

அதே சமயம் இந்த இரண்டு மரபுகளும் ஒன்றையொன்று அறியாதவை என்றும் சொல்ல முடியாது. திபெத்தியர் போற்றும் எண்பத்து நான்கு மகாசித்தர்களின் பட்டியலில் திலோபா, நாரோபாவோடு கோரக்ஷரும் இருக்கிறார். நம் பதினெண் சித்தர் பட்டியல்களில் வரும் கோரக்கர் அதே பெயர்தான். ஒரே காலத்து இந்தியச் சித்தர் மண்ணிலிருந்து வடக்கே போனதும் தெற்கே நின்றதும் சொற்களில் ஒட்டியிருப்பது இயல்பு. கட்டுரையில் ‘குண்டலினியோடு ஒப்பிடத்தக்கது, ஒன்றல்ல’ என்று தெளிவாக ஒரு பத்தி எழுதிவிடுவேன்.

> சீற்றமும் போய்விட்டது, பெண்ணும் போய்விட்டாள். மூலப்பெயரில் இரண்டும் இருந்தனவே.

இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். சீற்றத்துக்காகச் ‘சீறழல்’ என்று ஒரு சொல்லும் மனத்தில் இருந்தது, ஓசையும் அருமை. ஆனால் பயிற்சி நூல்கள் மயிரிழைக் கோட்டிலிருந்து, மூச்சுக்கு மூச்சு, விரலளவாக ஏறும் சுடரைச் சொல்கின்றன. தொடக்கத்திலேயே சீறினால் அந்தப் படிமுறை மறைந்துவிடும். பெண்ணைப் பொறுத்தவரை, ‘சண்டி’ என்றால் இன்று சண்டித்தனம்தான் நினைவுக்கு வரும். அதனால் அது உதவாது. தந்திர நூல்களில் அவள் தேவியாக எழும் இடங்களில் ‘கனலி’ என்று எழுதலாம். ஞாயிற்றுக்கும் தீக்கும் பழைய பெயர், ‘இ’ விகுதி பெண்ணையும் தாங்கும். பயிற்சிக்கு மூள்கனல், தேவிக்குக் கனலி: ஒரே வேரிலிருந்து இரண்டு சொல்.

ஆகவே தலைச்சொல்: மூள்கனல் (திபெத்தியம்: தும்மோ). பயில்பவர்: மூள்கனலர். மூச்சு: குடமூச்சு. ‘ரெபா’வை மொழிபெயர்க்காமல் அப்படியே விடுவோம், அது ஒரு மரபினரின் பட்டப்பெயர்.

மிலரெபாவின் பாடல்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கும் நண்பருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வரிகளில் ‘மூள்கனல்’ ஓசைக்கு இடறினால் அங்கே ‘சீறழல்’ போட்டுப் பாருங்கள். பாட்டில் அது பொருந்தலாம். எந்த அடியில் எது நின்றது என்று இங்கே எழுதினால் பதிவில் இரண்டாம் சொல்லாகச் சேர்த்துவிடலாம்.