கராஜில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து பெட்ரோல் வாடை: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேள்வி: வாரயிறுதி ஓட்டி

இங்கிலாந்தில், லண்டனுக்கு வடமேற்கே ஹாரோ பகுதியில் வசிக்கிறேன். 1990களின் நடுப்பகுதியில் ஜப்பானில் தயாரான, துணிக்கூரையை மடக்கி வைக்கக்கூடிய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று என்னிடம் இருக்கிறது. வேலைக்குப் போய்வர வேறு வண்டி உள்ளதால் இது பெரும்பாலும் வீட்டோடு ஒட்டிய கராஜிலேயே நிற்கும். கராஜிலிருந்து சமையலறைக்குத் திறக்கும் கதவும் உண்டு.

கோடை தொடங்கியதிலிருந்து கராஜில் பெட்ரோல் வாடை வருகிறது. சில நாள்களில் அது சமையலறை வரைக்கும் எட்டுகிறது. தரையில் சொட்டு எதுவும் இல்லை, எஞ்சின் ஓட்டத்திலும் குறை தெரியவில்லை. வண்டியின் பின்பக்கத்தில்தான் வாடை அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. முன்சக்கரத்தின் அருகில்தான் அதிகம் என்று என் மனைவி உறுதியாகச் சொல்கிறார். பட்டறை ஒன்றில் காட்டியபோது, லிஃப்டில் தூக்கி அடிப்பக்கம் பார்த்துவிட்டு, கசிவு இல்லை, பழைய வண்டி என்றால் கொஞ்சம் வாடை இருக்கத்தான் செய்யும் என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை. வீட்டில் இருக்கும் சாதாரணக் கருவிகளைக் கொண்டு இதை எந்த வரிசையில் தேடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். கராஜின் ஒரு மூலையில் எரிவாயு பாய்லரும் அதற்குப் பக்கத்தில் பெரிய ஃப்ரீசரும் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: பழைய ஸ்பானர்

உங்கள் கடைசி வரியைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், நண்பரே. தேடுவதற்கு முன்னால் வண்டியை வெளியே கொண்டு போங்கள். எஞ்சினை இயக்காமல், கராஜ் கதவை முழுவதும் திறந்து, சிறிது நேரம் காற்றோட விட்டு, இரண்டு பேராகக் கையால் தள்ளி வெளியே நிறுத்துங்கள். அந்த நேரத்தில் கராஜ் விளக்கின் சுவிட்சைக்கூடத் தொட வேண்டாம்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட 3 முதல் 4 மடங்கு கனமானது. அது மேலே எழும்பிப் போவதில்லை, தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். காற்றில் ஏறத்தாழ 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். பெட்ரோலின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி எழத் தொடங்கும் வெப்பநிலை, பூஜ்ஜியத்துக்கும் கீழே, ஏறக்குறைய மைனஸ் 40 பாகை செல்சியஸ் என்பதால், குளிர்காலம் என்றோ கராஜ் குளிர்ச்சியாக இருக்கிறது என்றோ நிம்மதி கொள்ள வழியில்லை. பாய்லர் வெளிக்காற்றை மட்டும் எடுக்கும் மூடிய வகையாக இருந்தால் ஆபத்து குறைவு; அறைக்காற்றை எடுத்து எரிக்கும் பழைய வகையாக இருந்தால் வண்டியை அந்த இடத்தில் நிறுத்தவே கூடாது. பலரும் மறந்துவிடுவது ஃப்ரீசரைத்தான். அதன் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுச் சுவிட்ச் இரவும் பகலும் தானாகவே இயங்கி நின்று, ஒவ்வொரு முறையும் உள்ளே சிறு தீப்பொறி உண்டாக்கக்கூடியது; அதுவும் பல மாதிரிகளில் தரைக்கு அருகில் இருக்கும்.

வண்டி வெளியே போனபின் ஓர் இரவு கழித்து கராஜை முகர்ந்து பாருங்கள். வாடை அப்படியே இருந்தால் புல்வெட்டும் இயந்திரம், பெட்ரோல் கேன் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். வண்டியைக் குற்றம் சாட்டிப் பாதி கழற்றிப் போட்டபின், அலமாரியில் மூடி சரியாகப் பொருந்தாத கேனைக் கண்டுபிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பதில்: சனிக்கிழமைச் சாலை

இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா என்று தெரியவில்லை. இந்த வயது வண்டிகள் எல்லாவற்றிலும் டேங்கின் ஆவியை வெளியே விடும் குழாய் இருக்கும். வெயில் நாளில் அதன் வழியாகக் கொஞ்சம் வாடை வருவது இயல்பு. பட்டறைக்காரர் சொன்னதில் தவறில்லை என்பது என் கருத்து. கராஜில் ஒரு காற்றுப்போக்கியைப் பொருத்தினால் போதும்.

பதில்: டேங்க் மேல் மூடி

சனிக்கிழமைச் சாலை நண்பர் சொல்வது 1960களின் கார்களுக்குப் பொருந்தும். அன்று டேங்கின் ஆவி நேராக வெளியேறியது. அமெரிக்காவில் 1971 மாடல்களிலிருந்தும், ஐரோப்பாவில் 1990களின் தொடக்கத்திலிருந்தும் அந்த ஆவியைக் கரித்தூள் நிரப்பிய கேனிஸ்டர் ஒன்றில் பிடித்து வைத்து, எஞ்சின் ஓடும்போது உறிஞ்சி எரித்துவிடும் ஏற்பாடு கட்டாயமானது. அன்றைய ஐரோப்பியச் சோதனையில் முழு வண்டியிலிருந்தும் வெளியேற அனுமதிக்கப்பட்ட ஆவியின் அளவே 2 கிராம்தான். ஆகவே 1990களின் நடுப்பகுதிக் கார் ஒன்றிலிருந்து சமையலறை வரைக்கும் வாடை வந்தால் அது இயல்பு அல்ல, பழுது. காற்றுப்போக்கி யோசனையை இன்னும் கடுமையாக மறுக்கிறேன்: சாதாரண மின்விசிறியின் மோட்டாரே தீப்பொறி தரக்கூடும், அதன் வழியாகப் பெட்ரோல் ஆவியை இழுப்பது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் மூக்கும் உங்கள் மனைவியின் மூக்கும் வெவ்வேறு இடத்தைக் காட்டுவதில் வியப்பில்லை. ஆவி தரைச் சரிவைப் பின்பற்றி ஓடும். கராஜ் தரை வாசலை நோக்கிச் சரிந்திருந்து, வண்டியின் முன்பக்கம் வாசலைப் பார்த்து நின்றால், பின்னால் கசிவது முன்சக்கரத்தடியில்தான் தேங்கும். மேலும், சில நிமிடம் முகர்ந்தபின் மூக்கு மரத்துவிடும். ஆகவே எங்கே வாடை என்று கேட்பதைவிட, எப்போது வாடை என்று கேட்பதுதான் பயன் தரும். எதையும் கழற்றுவதற்கு முன், வாடை அதிகமாகும் வேளையை ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

டேங்கை நிரப்பிய அன்றும் அதற்கடுத்த நாள்களிலும் மட்டும் வாடை வந்து, பாதி டேங்க் ஆனதும் குறைந்துவிடுகிறதா? அப்படியானால் டேங்கின் மேற்பகுதியைத்தான் பார்க்க வேண்டும். பம்பும் அளவுமானியும் இறங்கும் மூடியின் ரப்பர் அடைப்பான கேஸ்கட், நிரப்பு வாயிலிருந்து டேங்குக்கு வரும் தடித்த ரப்பர் குழாய், அதன் பக்கத்திலேயே ஓடும் மெல்லிய காற்றுக்குழாய்கள் ஆகிய மூன்றும் அங்கே இருக்கின்றன. பெட்ரோல் மட்டம் தாழ்ந்திருக்கும்வரை இவற்றின் விரிசல் பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. நிரம்பியிருந்தால் கதை வேறு. நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வந்த பெட்ரோல் 15 பாகை சூடேறினால், 45 லிட்டர் டேங்கில் அரை லிட்டருக்கு மேல் விரிவடையும். அந்த விரிவு மேற்பகுதியின் பலவீனமான இணைப்பைத் தேடிப் போகும். லிஃப்டில் தூக்கி அடியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. நீங்கள் கோடை தொடங்கியதிலிருந்து என்று எழுதியிருப்பதால் என் சந்தேகம் இந்தப் பக்கமே சாய்கிறது. பங்கில் நாசில் தானாக நின்றபின்னும் அழுத்தி அழுத்தி நிரப்பும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்தக் கூடுதல் பெட்ரோல் கேனிஸ்டருக்குள் திரவமாகவே நுழைந்து கரித்தூளைக் கெடுத்துவிடும்.

மாறாக, ஓட்டிவந்து நிறுத்திய அரைமணிக்குள் எஞ்சின் சூடாக இருக்கும்போது வாடை வந்தால், முன்பக்கம் தேட வேண்டும். இந்த வகை வண்டிகளில், எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கான குழாயில் ஏறத்தாழ 3 பார் அழுத்தம் இருக்கும். எஞ்சினை நிறுத்தியபின்னும் அது சில மணிநேரம் தங்கும். இன்ஜெக்டரின் ரப்பர் வளையமான ஓ-ரிங் வயதாகி இறுகிப்போனால், கசியும் பெட்ரோல் சூட்டில் உடனே ஆவியாவதால் ஈரமே தென்படாது. பழுப்பு நிறத்தில் வார்னிஷ் போன்ற கறை மட்டும் படிந்திருக்கும். இந்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சீராக்கியிலிருந்து, எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக்குக்குச் செல்லும் சிறு வெற்றிடக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் சீராக்கியின் சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள். எஞ்சின் ஆயில் குச்சியிலும் பெட்ரோல் வாடை இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்த காலையில் முதல் இயக்கத்தின்போது மட்டும் வாடை வருவது இன்னொரு வகை. ரப்பர் சுருங்கி கிளிப்பின் பிடி தளர்ந்து, சூடானதும் மீண்டும் பிடித்துக்கொள்ளும். இது கோடையில் தொடங்கியது என்பதால் உங்களுக்குப் பொருந்தாது.

சந்தேகமான ஒவ்வோர் இணைப்பையும் சுற்றி வெள்ளை டிஷ்யூ தாளைத் தளர்வாகக் கட்டி, வண்டியை வெளியில் ஓர் இரவு நிறுத்துங்கள். எஞ்சின் பக்கத்தில் இதைச் செய்வதாக இருந்தால், மறுநாள் எல்லாவற்றையும் கழற்றி எடுக்கும்வரை எஞ்சினை இயக்கவே கூடாது. ஒவ்வொரு தாளையும் தனித்தனி ஜிப் பையில் போட்டு, வண்டியிலிருந்து தள்ளிப் போய், அதுவரை பெட்ரோலை முகராத ஒருவரிடம் கொடுத்து முகரச் சொல்லுங்கள். எரிவாயு உணரும் கைக்கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. இவை எல்லாம் தோற்றால் மட்டும் புகைச் சோதனை செய்யும் பட்டறைக்குப் போங்கள். டேங்குக்குள் புகை செலுத்தும் அழுத்தம் 1 பி.எஸ்.ஐ. அளவைத் தாண்டக் கூடாது. டயருக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரஸரை வைத்து வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

பதில்: வாரயிறுதி ஓட்டி

பொறுமையாக எழுதியதற்கு நன்றி. வண்டியை வெளியே தள்ளிவிட்டேன். கராஜில் வாடை மறுநாளே போய்விட்டது. தரை வாசலை நோக்கித்தான் சரிகிறது, வண்டியின் முகமும் அந்தப் பக்கம்தான். பெட்ரோல் நிரப்பிய பங்க் ரசீதுகளின் தேதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், வாடை மோசமாக இருந்த நாள்கள் எல்லாம் டேங்கை நிரப்பியதற்கு அடுத்த நாள்களாகவே இருக்கின்றன. கூரையைத் திறந்து ஓட்டும்போது உள்ளே இலேசாக வாடை வரும். முன்னே போகும் லாரிகளின் புகை என்று அதை விட்டுவிட்டிருந்தோம்.

இருக்கைகளுக்குப் பின்னால், டேங்கின் மேல் உள்ள கம்பளத்தை நீக்கி உலோக மூடியைக் கழற்றினேன். பேட்டரி டிக்கியில் இருப்பதால் முதலில் வண்டியை நன்றாகக் காற்றாட விட்டு, பிறகு எதிர்முனைக் கம்பியைக் கழற்றி ஒதுக்கி வைத்த பின்பே இதில் கைவைத்தேன். பம்ப் மூடியின் கேஸ்கட் காய்ந்தே இருக்கிறது. நிரப்பு வாயிலிருந்து வரும் தடித்த குழாயும் பார்வைக்கு நன்றாகவே தெரிகிறது. ஆனால் அதன் பக்கத்தில் வளைந்து போகும் மெல்லிய காற்றுக்குழாயை விரலால் அழுத்தியபோது, வளைவின் வெளிப்புறத்தில் நீளவாக்கில் நுண்ணிய வெடிப்புகள் விரிந்தன. அந்த இடத்தில் மட்டும் தூசி கழுவப்பட்டதுபோல் சுத்தமாக இருந்தது. அதில் கட்டிய தாள்தான் பெட்ரோல் வாடை அடித்தது. இதை மட்டும் மாற்றினால் போதுமா, எந்தக் குழாயை வாங்க வேண்டும்?

பதில்: டேங்க் மேல் மூடி

கூரை திறந்த காரில் ஓடும்போது இருக்கைகளுக்குப் பின்னால் சுழலும் காற்று, பின்பக்கத்திலிருந்து வாடையை முன்னோக்கி இழுத்துவரும். லாரிகள் மீது பழி போட வேண்டாம்.

அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றாதீர்கள். அதே ஆண்டில், அதே ரப்பரில் செய்யப்பட்ட மற்ற குழாய்களும் அதே நிலையில்தான் இருக்கும். தடித்த நிரப்புக்குழாயையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், ஏனெனில் அது வெடித்தால் வருவது வாடை அல்ல, லிட்டர் கணக்கில் பெட்ரோல். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல், 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த ஈ10 ஆகிவிட்டது. 2011க்குப் பிந்தைய கார்கள் எல்லாம் அதற்கு ஏற்றவை. 1990களின் ரப்பர் எல்லாவற்றையும் அப்படி நம்ப முடியாது. 97 ஆக்டேனுக்கு மேற்பட்ட உயர்ரகப் பெட்ரோல் இன்றும் 5 சதவீத வரம்பிலேயே கிடைப்பதால் அதை நிரப்புவது நல்லது, ஆனால் அது பழைய குழாயை மீட்டுத் தராது.

எஞ்சின் பக்கத்து மெல்லிய குழாய்களுக்கு எஸ்.ஏ.ஈ. ஜே30 ஆர்9 என்ற தரக்குறி அச்சிடப்பட்ட, உட்புறம் ஃப்ளூரோ ரப்பர் பூசிய குழாயை வாங்குங்கள். நிரப்புக்குழாய், அதன் காற்றுக்குழாய் இரண்டுக்கும் வளைவு முன்கூட்டியே வார்க்கப்பட்ட, உங்கள் வண்டிக்கே உரிய குழாய்தான் சரி. நேர்க்குழாயை வளைத்துப் பொருத்தினால் மடிந்து அடைத்துக்கொள்ளும், அடுத்த முறை பங்கில் டேங்க் நிரம்பும் முன்பே நாசில் நின்று நின்று தொல்லை தரும். டேங்குக்குள் பம்போடு உள்ள சிறு குழாயையும் மாற்றுவதென்றால் அதற்கு ஆர்10 வேண்டும். ஆர்9 குழாயின் வெளித்தோல் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கச் செய்யப்பட்டதல்ல.

பதில்: பழைய ஸ்பானர்

ஒன்றைச் சேர்க்கிறேன். குழாயைக் கழற்றும் முன் டேங்கைக் கால்வாசிக்குக் கீழே கொண்டு வந்துவிடுங்கள்; ஆனால் அதற்காக வண்டியை ஓட்டிக் காலி செய்ய வேண்டாம், கைப்பம்பால் எடுங்கள். வாயால் உறிஞ்சி எடுப்பது பெட்ரோலை நுரையீரலுக்குள் இறக்கக்கூடிய பழக்கம். எடுத்த பெட்ரோலை வைக்க பிளாஸ்டிக் கேன் என்றால் 10 லிட்டர், உலோகக் கேன் என்றால் 20 லிட்டர் என்பதே பிரிட்டனில் உச்ச அளவு. வீட்டில் மொத்தம் 30 லிட்டருக்கு மேல் சேர்ந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். கேன்களை வீட்டுக்குள் கொண்டுவராமல் தனியான கொட்டகையில் வையுங்கள். பக்கத்தில் நுரை அல்லது உலர்தூள் தீயணைப்பான் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும்.

மாற்றிய பிறகு பாதி டேங்கில் சோதித்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். நாசில் முதல் முறை நிற்கும் வரை நிரப்பி, வெயிலான ஒரு நாள் முழுவதும் வெளியில் நிறுத்தி, மாலையில் அதே இடங்களில் புதிய தாள்களைக் கட்டிப் பாருங்கள். எல்லாத் தாள்களும் வாடையின்றி இருந்தால் மட்டும் கராஜுக்குள் தள்ளுங்கள். அப்போதும் வாடை மிச்சமிருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது கேனிஸ்டர். கழற்றி எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தால் திரவப் பெட்ரோல் வழிந்தாலோ கரித்தூள் கொட்டினாலோ அதையும் மாற்ற வேண்டியதுதான்.